பதனிடாத தோல்: நார்ஸ் இசையும் பாலாற்றங்கரைப் பறையும்

1. கேள்வி

ஆம்பூரில் ‘டிரம்’ என்றால் மேளம் என்று யாரும் நினைப்பதில்லை. தோல் ஆலைக்குள் ஆளுயரத்துக்கு மேல் நின்று சுழலும் மரப் பீப்பாய்க்குத்தான் இங்கே அந்தப் பெயர். தோலை உள்ளே போட்டு, தண்ணீரும் மருந்தும் விட்டு, கதவை அடைத்து ஓடவிட்டால், தோல் மேலே போய் விழுந்து புரளும் ‘தொம் தொம்’ சத்தம் ராத்திரி முழுக்கத் தெருவுக்குக் கேட்கும். என் சித்தப்பா இருபது வருஷத்துக்கு மேல் அந்த டிரம்மடியில் வேலை பார்த்தவர். அவர் மகன் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பிரிவில் இருக்கிறான்.

சில ஆண்டுகளுக்கு முன் வாணியம்பாடியிலிருந்து பஸ்ஸில் ஒன்றாக வந்துகொண்டிருந்தோம். தன் இயர்போனில் ஒன்றை எடுத்து என் காதில் வைத்தான். நார்வே நாட்டு ‘வார்ட்ருனா’ குழுவின் பாட்டு. “அண்ணா, ஒரு வார்த்தை புரியல. ஆனா நம்ம ஊரு மோளம் மாதிரியே அடிவயித்துல வந்து நிக்குது” என்றான். அந்த ‘நம்ம ஊரு மோளம்’ என்னை யோசிக்க வைத்தது. சிறுவயதில் சாவு வீட்டில் பறை ஒலிக்கும்போது எதிர்த் தெரு வழியாகச் சுற்றிப் போனவன் அவன். பள்ளியில் யாரும் தன்னை அந்தச் சத்தத்தோடு சேர்த்துப் பார்த்துவிடக் கூடாது என்பது காரணம். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய, மொழி தெரியாத ஒரு மரபின் பெயரால் வரும் தோல் ஒலி அவனுக்கு உடனே சொந்தமாகிறது. தெருமுனையில் ஒலிக்கும் தோல் மட்டும் தயக்கத்தைத் தருகிறது. இது ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

வழக்கமாகச் சொல்லப்படும் விடை அயல்மோகம். அது போதாது என்பது என் கருத்து. எந்தக் கைகள் எந்த நிலையில் வாசித்தன என்ற நினைவு ஓர் இசையோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தே, கேட்பவர் அதில் தன் பொருளைத் தேடிக்கொள்ளும் இடம் அகலமாகவோ குறுகலாகவோ அமைகிறது. இதைச் சொல்ல முதலில் இரு பக்கச் சான்றுகளையும் பார்க்க வேண்டும்.

2. வடக்கில் எஞ்சியது

எய்னார் செல்விக் வார்ட்ருனாவை 2003இல் தொடங்கினார். அதற்கு முன் ‘கோர்கோரோத்’ என்ற பிளாக் மெட்டல் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். பழைய ரூன் எழுத்துகள் 24. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பாட்டாக்கி 2009, 2013, 2016 ஆகிய ஆண்டுகளில் மூன்று ஆல்பங்கள் வெளியிட்டார். 2013இல் தொடங்கிய ‘வைக்கிங்ஸ்’ தொலைக்காட்சித் தொடர் இந்த ஒலியை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. 2014இல் உருவான ‘ஹெய்லுங்’ குழு எலும்பு, கொம்பு, தோல் மேளங்களோடு கச்சேரியையே சடங்குபோல் நடத்துகிறது. லைர் என்னும் சிறு யாழ், குதிரைமயிர் நரம்பு கட்டிய டாகெல்ஹார்ப்பா, ஆட்டுக்கொம்பு, தோல் போர்த்திய வட்டச்சட்ட மேளம் ஆகியவையே நார்ஸ் இசை எனப்படும் இவ்வகையின் அடிப்படைக் கருவிகள்.

இவற்றில் எவ்வளவு பழையது? வைக்கிங் காலம் என்று வழக்கமாகச் சொல்வது 8ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 11ஆம் நூற்றாண்டு வரை. அக்காலத்து மெட்டு ஒன்றுகூட எழுத்தில் இல்லை. ஸ்காண்டிநேவியாவில் குறியீட்டோடு கிடைத்த மிகப் பழைய உலகியல் பாட்டு 1300ஐ ஒட்டிய ‘கோடெக்ஸ் ரூனிகஸ்’ சுவடியின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் காலம் கிறித்தவம் ஊன்றிய பிறகு வந்தது. கருவிகளில் இங்கிலாந்தின் யார்க் நகரில் மரத்தில் துளையிட்ட 10ஆம் நூற்றாண்டுக் குழல் ஒன்று கிடைத்தது. எலும்புக் குழல்களும் யாழின் குதிரைகளும் வேறு இடங்களில் கிடைத்தன. நேரில் கேட்டவர் என்று நமக்குத் தெரிவது 10ஆம் நூற்றாண்டில் ஹெடெபி துறைமுகத்துக்குப் போன அல்-தர்தூஷி என்ற பயணி. ஸ்பெயினிலிருந்து வந்த அவருக்கு அந்தப் பாட்டு நாய் ஊளையைவிட மோசமாகப் பட்டது. வெளியாள் வந்து ‘இது இசையே அல்ல’ என்று எழுதிவைத்துவிட்டுப் போவது நமக்கும் பழகிய கதைதான்.

மேளத்துக்கு வருவோம். கேட்பவரின் அடிவயிற்றில் வந்து நிற்கும் அந்தத் தோல் மேளத்துக்குத்தான் சான்று மிகக் குறைவு. வைக்கிங் கால அகழாய்வில் உறுதியாக மேளம் என்று சொல்லத்தக்க எதுவும் கிடைக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட எட்டா சுவடியில் ‘லோகசென்னா’ என்ற பாட்டு உண்டு. அதில் லோகி என்ற தேவன், குறி சொல்லும் பெண்களைப் போல நீயும் தட்டினாயே என்று தேவர் தலைவன் ஓடினை இழிவுபடுத்துகிறான். எதைத் தட்டினான் என்பதற்கு அங்கே வரும் சொல் மேளமா, பெட்டி மூடியா என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. தோல் மட்கிவிடும், ஆகவே கிடைக்காததை வைத்து இல்லை என்று முடிவு கட்டக் கூடாது என்பார் ஒரு சாரார். மேளம் பக்கத்திலிருந்த சாமி பழங்குடியினருடையது, இன்றைய இசையாளர்கள் அங்கிருந்தும் பிற இடங்களிலிருந்தும் எடுத்துக்கொண்டார்கள் என்பார் மற்றவர். எனக்கு இரண்டாவது வாதம் வலுவாகத் தோன்றுகிறது. ஏனெனில் மரச் சட்டங்களும் யாழ்த் துண்டுகளும் தப்பிய சேற்று நிலங்களில் ஒரு மேளச் சட்டமாவது தப்பியிருக்கலாம்.

இந்தக் குறையை இசையாளர்கள் மறைப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பழைய இசையை அப்படியே மீட்பதாகத் தாம் உரிமை கோரவில்லை, பழைய கருவியையும் சொல்லையும் கொண்டு புதிதாகச் செய்கிறோம் என்பதே செல்விக்கின் நிலைப்பாடு. ஆக, கேட்பவர் முன் இருப்பது ஏறக்குறைய வெறும் மனை. துக்கமோ காடோ செத்துப்போன பாட்டனோ, எதையும் அங்கே குடிவைக்கலாம். அந்த மேளத்தை அடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தப்பட்டவர் என்று உயிரோடு யாரும் இல்லை. அடித்த கைக்குத் தெருவில் கூலி மறுத்தவர் என்றும் யாரும் இல்லை.

அந்த மனையிலும் ஒரு மூலையில் கறை உண்டு. ரூன் எழுத்துகளை நாஜிகள் தங்கள் படைச் சின்னமாக்கினார்கள். இன்றும் வெள்ளை இனவெறிக் குழுக்கள் அதே சின்னங்களைத் தூக்குகின்றன. வார்ட்ருனாவும் ஹெய்லுங்கும் வெளிப்படையாக இதிலிருந்து விலகி நிற்க வேண்டியிருக்கிறது. மூதாதையர் என்ற சொல் எங்கே ஒலித்தாலும் யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

3. தெற்கில் எஞ்சியது

நம் பக்கத்தில் சான்றுக்குப் பஞ்சமில்லை. திணைகளின் கருப்பொருள்களை எண்ணும் தொல்காப்பியம் தெய்வத்தோடும் உணவோடும் பறையையும் சேர்த்து எண்ணுகிறது. நிலத்துக்கொரு தெய்வம் போல நிலத்துக்கொரு பறை. ‘பறை’ என்ற சொல்லுக்கே சொல்லுதல் என்ற பொருள் உண்டு. மலையாளத்தில் இன்றும் பேசுவதற்குப் பறைவது என்றே பெயர். ஊருக்குச் செய்தி சொன்ன கருவி என்பதைச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது.

பறையைப் பெருமையோடு பேசும் மேடைகளில் புறநானூற்றின் 335ஆம் பாட்டு தவறாமல் வரும். துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நான்கையும் குடிகளாக மதித்துச் சொல்லும் பாட்டு அது. அதே தொகுப்பின் 287ஆம் பாட்டை யாரும் எடுப்பதில்லை. அங்கே போர்க்களத்தில் துடி அடிப்பவன் புலையன் என்றும், குறுந்தடி பிடித்தவன் இழிசினன் என்றும் விளிக்கப்படுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்த அமெரிக்கத் தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட், மேளக்காரனின் கையில் அஞ்சத்தக்க ஒரு புனித ஆற்றல் இருப்பதாக அக்காலத்தவர் நம்பினார்கள், அந்த அச்சமே அவனை விலக்கியும் வைத்தது என்று வாதிட்டார். இழிவு பிற்காலத்தில் வெளியிலிருந்து வந்தது என்று கருதுவோர் இதை ஏற்பதில்லை. ஹார்ட் சொல்லும் ‘புனித ஆற்றல்’ என்ற விளக்கம் எனக்கும் முழுதாக ஒப்புதலில்லை. இழிவுக்கு ஒரு மாயக் காரணம் கற்பிப்பதில், இழிவால் ஆதாயம் பெற்றவர்கள் பார்வையிலிருந்து நழுவிவிடுகிறார்கள். ஆனால் 287ஆம் பாட்டை ஒளித்துவைத்துக்கொண்டு பறையின் பொற்காலம் பேசுவதும் நேர்மையாகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதே சிக்கலுக்கு இரண்டு பெரியவர்கள் எதிரெதிர் விடை தந்தார்கள். ரெட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்றே பெயரிட்டு இதழ் தொடங்கினார். வசவாக வீசப்பட்ட சொல்லைத் தலைப்பில் அச்சடித்தார். அயோத்திதாசர் அந்தப் பெயரையே மறுத்தார். அது நம்மீது எதிரிகள் சுமத்தியது, நாம் பூர்வ பௌத்தர் என்றார். அவர் வழியில் வந்த பௌத்த சங்கத்துக்குத் தோல் வட்டாரத்தின் திருப்பத்தூரிலும் கிளை இருந்தது. சுமையைத் தோளில் ஏற்றிக் கொடியாக்குவதா, கீழே இறக்கி வைப்பதா? நூறாண்டு கழித்துப் பறை விஷயத்தில் எழுந்த எல்லா விவாதத்துக்கும் முன்மாதிரி இங்கே இருக்கிறது.

4. பதனிட்டதும் பதனிடாததும்

இனி கைக்கு அருகில் இருக்கும் பொருளைப் பார்க்கலாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் மண்டிகளுக்கு வரும் தோல் உப்பு போட்டு வருகிறது. ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, மயிர் கழற்றி, சவ்வு எடுக்கிறார்கள். இதுவரை மேளத்துக்கும் செருப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இங்கேதான் பாதை பிரிகிறது. செருப்புக்குப் போகும் தோல் பதனிடப்படுகிறது. முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டார்கள். அரைகுறையாகப் பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு 1970களில் கட்டுப்பாடு வந்து, முழுதாக முடித்த தோலே வெளியே போக வேண்டும் என்றானபின் குரோம் எங்கும் பரவியது. குரோம் ஏறிய தோல் நீலம் பாரித்து ஈரத்தோடு வெளிவரும். அதற்குப் பேரே ‘வெட் ப்ளூ’. அதன்பின் அது அழுகாது, விறைக்காது, மடித்தால் மடியும், தைத்தால் தைபடும். அதைத் தட்டிப் பார்த்தால் துணி மூட்டையைத் தட்டியதுபோல் இருக்கும். ஒலி இராது.

மேளத்துக்குப் பதனிடாத தோல் வேண்டும். பறைக்குக் கன்றுத்தோல்தான் உகந்தது என்பார்கள். மயிர் நீக்கிய தோலை ஈரத்தோடு சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டி, புளியங்கொட்டைப் பசை தடவி ஒட்டவைத்துக் காயவிடுவார்கள். காய்ந்தால் சுருங்கி இறுகும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நரம்பு ஓடிய இடம்கூடத் தெரியும். வேப்பமரத் துண்டுகள் மூன்றை வளைத்துச் சேர்த்தது அந்தச் சட்டம். அதை இடது தோளோடு அணைத்து, நீளமான மூங்கில் குச்சியை இடக்கையிலும் குட்டையான அடிக்குச்சியை வலக்கையிலும் பிடிக்கிறார்கள். மழை நாளில் தோல் ஈரம் வாங்கித் தொய்ந்து போகும். அப்போது வைக்கோலோ காகிதமோ கொளுத்தி, அனலுக்கு முன் பறையைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். விரலால் சுண்டி, காதால் அளந்து, போதும் என்று நிறுத்துவார்கள். கொஞ்சம் கூடினால் தோல் வெடித்துவிடும்.

என் தம்பி பஸ்ஸில் கேட்டதும் இதே பதனிடாத தோலின் ஒலிதான். ஆடோ மானோ மாடோ, காய்ந்த தோல் அதிரும் விதம் எல்லா நாட்டிலும் ஒன்று. தகப்பன் சட்டையில் தோல் வாடையோடு வளர்ந்த பிள்ளைக்கு நார்வேயின் மேளம் அந்நியமாகப் படாததில் வியப்பு என்ன இருக்கிறது? அவன் கண்டது ஒலிப்பொருளின் உறவு. மூதாதையர் உறவு வேறு விஷயம்.

இந்தத் தோலுக்கு இங்கே இன்னொரு கணக்கும் உண்டு. தோலால் பிழைத்த ஊர்களின் பாலாறு தோலால் கெட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தந்த தீர்ப்பைச் சட்டம் படிப்பவர்கள் எல்லோரும் படிக்கிறார்கள். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்படப் பத்துப் பேர் இறந்தார்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி பாலாற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. காட்டையும் பனியையும் கற்பனை செய்துகொண்டு தோல் மேளத்தைக் கேட்க இந்த வட்டாரத்தில் பிறந்தவருக்கு முழுதாக முடியாது. அவருக்குத் தோல் என்றால் பிழைப்பும் ஆறும் சாவும் சேர்ந்தே வரும்.

5. சிரசும் உடலும்

வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மனின் சிரசு மட்டும் புறப்படும். தேங்காய் சிதறும், மாலை பறக்கும், மேளமும் பம்பையும் சிலம்பும் அதிரும். லட்சக்கணக்கானோருக்கு நடுவே மிதந்துவரும் சிரசு, கோபாலபுரம் கோயிலில் சண்டாளச்சியின் உடலில் பொருத்தப்படும். மகன் பரசுராமன் கையால் வெட்டுண்ட ரேணுகையின் கதை இது. உயிர் திரும்பியபோது தலை ஒருத்தியுடையது, உடல் தீண்டத்தகாதவள் எனப்பட்ட இன்னொருத்தியுடையது. எல்லோரும் கும்பிடுவது அந்த இணைப்பைத்தான்.

அந்தத் தெருவில் நின்று கேட்கும் எவருக்கும் மேளம் உடம்பில் ஏறும். நானும் மயிர்க்கூச்செறிந்து நின்றிருக்கிறேன். ஆனால் திருவிழாவுக்கு அழைக்கப்பட்ட மேளமும் சாவுக்கு ஏவப்பட்ட மேளமும் பல ஊர்களில் ஒரே கைகளுடையவை. சாவு வீட்டில் அடிப்பது ஊர்க் கடமை என்று விதிக்கப்பட்டது. மறுத்தால் வேலை கிடையாது, வழி கிடையாது. இருபதாம் நூற்றாண்டில் தமிழகத்தின் பல சேரிகள் பறையடிக்க மாட்டோம் என்று குச்சியைக் கீழே போட்டது இதனால்தான். சில இடங்களில் பறையை உடைத்தார்கள், எரித்தார்கள். பண்பாட்டு ஆய்வாளர்கள் இதை ஒரு கலையின் இழப்பாக எழுதுவது எனக்குக் கசப்பைத் தருகிறது. வாசிக்க மறுப்பது அந்த மக்கள் பறைக்குத் தந்த முதல் சொந்தப் பொருள். அதற்குப் பின்னால் வந்த மீட்பெல்லாம் அந்த மறுப்பின் மேல் நிற்கிறது.

6. மீட்டவர்கள்

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டுகளையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். திண்டுக்கல் சக்தி கலைக்குழு தலித் இளம்பெண்கள் கையில் பறையைக் கொடுத்தது. பெண்கள் தொடாத கருவியாகவே பெரிதும் இருந்ததை அவர்கள் காலில் சலங்கை கட்டி ஆடிக்கொண்டே அடித்தார்கள். இவற்றையெல்லாம் பல ஆண்டுகள் உடனிருந்து ஆராய்ந்த அமெரிக்க இசையியலாளர் ஸோயி ஷெரினியன் 2011இல் பறை குறித்து ஆவணப்படம் எடுத்தார். 2018 ஜனவரியில் சென்னையில் திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து மேடையேற்றிய ‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’, கானாவுக்கும் ராப்புக்கும் நடுவே பறையை நிறுத்தியது. 2025இல் பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

கூடவே இன்னொரு போக்கும் வளர்ந்திருக்கிறது. பறை ‘ஆதித் தமிழர் இசை’ என்ற பொதுப்பெயருக்குள் வந்துவிட்டது. ஊர்வலங்களில், கல்லூரி விழாக்களில், அயலகத் தமிழர் கொண்டாட்டங்களில் எல்லாச் சாதியினரும் பறை பழகுகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் இந்த மொழி நார்ஸ் இசையின் மொழியைப் போலவே இயங்குகிறது. தொலைவான பழமை, களங்கமில்லாத மூதாதை, எல்லோருக்கும் பொதுவான வேர் என்று பேசுகிறது. வடக்கில் இந்தப் பேச்சு ஒரு காலி மனையின் மேல் நிற்கிறது. இங்கே ஆள் குடியிருக்கும் வீட்டின் மேல் நிற்கிறது. மேடையில் பறை அடித்தவருக்குச் சால்வை, மறுநாள் சாவு வீட்டில் அதையே அடித்தவருக்குக் கடைசிப் பந்தி என்ற நிலை இருக்கும்வரை ‘நம் எல்லோருடைய பறை’ என்ற சொல்லில் ‘நாம்’ யார் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய ‘ருத்ரா’ என்ற மெட்டல் குழுவை இங்கே ஒப்பிடலாம். செல்விக்கைப் போலவே கடும் மெட்டலிலிருந்து பழமை தேடிய அவர்கள் உபநிடதங்களிடமும் சங்கரரிடமும் போனார்கள். ‘வேத மெட்டல்’ என்று தம் இசைக்குப் பெயரிட்டார்கள். யாருடைய பழமை கையை நீட்டினால் எட்டும் உயரத்தில் இருக்கிறது என்பதும் இதில் தெரிகிறது.

7. காரஷோக்குக்குத் திரும்பிய மேளம்

வடக்கிலும் குடியிருக்கும் வீடு ஒன்று உண்டு. சாமி மக்களின் மேளம் கலைமான் தோலால் ஆனது. ஆல்டர் மரப்பட்டைச் சாற்றால் அதில் உருவங்கள் வரைவார்கள். நம் பக்கம் ஆவாரம்பட்டை தோலைச் சிவக்க வைத்ததுபோல அங்கே அந்தப் பட்டை. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இந்த மேளங்களைப் பிசாசின் கருவி என்று பறிமுதல் செய்து எரித்தார்கள். எஞ்சியவற்றுள் 71 மேளங்களை எர்ன்ஸ்ட் மாங்கர் என்ற ஸ்வீடன் ஆய்வாளர் இருபதாம் நூற்றாண்டில் ஆவணப்படுத்தினார். ஆண்டர்ஸ் பவுல்சன் என்ற சாமி முதியவரை மேளம் வைத்திருந்த குற்றத்துக்காக 1692இல் நார்வேயின் வாட்சோவில் விசாரித்தார்கள். தீர்ப்பு வருமுன் காவலிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அவருடைய மேளம் டென்மார்க் அரச சேகரிப்புக்குப் போயிற்று. 1979 முதல் நார்வேயின் காரஷோக் ஊர் அருங்காட்சியகத்தில் இரவலாக இருந்து, 2022இல்தான் சாமி மக்களுக்கே உரிமையானது.

நார்ஸ் இசையில் நாம் கேட்கும் சட்ட மேளம் இந்த மேளத்துக்கு எவ்வளவு கடன்பட்டது என்பதை நார்டிக் இசையாளர்கள் பேசத் தொடங்கும்போது அவர்களுடைய மனையும் காலியாக இராது. அப்போது அவர்களும் நாமும் ஒரே கேள்வியின் முன் நிற்போம். என் தம்பியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். “அப்போ அவங்க மோளமும் சும்மா இல்ல” என்றான்.

சித்தப்பா இறந்தபோது அவர் உயிரோடிருக்கையில் சொன்னபடி மேளம் வைக்கவில்லை. “என் அப்பன் அடிச்சது போதும், எனக்கு யாரும் அடிக்க வேணாம்” என்பது அவர் வார்த்தை. பேச்சில்லாமல் பாலாற்றங்கரைக்கு நடந்தோம். அடுத்த ஆண்டு தம்பி வேலூரில் ஞாயிற்றுக்கிழமைப் பறை வகுப்பில் சேர்ந்தான். பறையை வீட்டுக்குக் கொண்டுவரத் தயங்கி, வெகுநாள் சிநேகிதன் வீட்டிலேயே வைத்திருந்தான். ஐப்பசி மழையில் ஒரு நாள் வேறு வழியில்லாமல் கொண்டுவந்து திண்ணையில் சாத்தினான். சித்தி வெளியே வந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து நடுத்தோலில் நடுவிரலால் ஒரு சுண்டு சுண்டினார்.

“தொஞ்சிருக்குது. அடுப்பாண்ட கொண்டா” என்றார்.